மூன்றாம் மணிக்கு வராதவர்கள்

தாமிரபரணிக்குத் தெற்கே, செம்மண் தேரி முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது எங்கள் ஊர். ஞாயிற்றுக்கிழமை அங்கே நேரத்தைச் சொல்வது கடிகாரம் இல்லை, கோயில் மணி. முதல் மணி அடித்தால் அடுப்பை அணைத்துவிட்டுக் குளிக்கப் போக வேண்டும். இரண்டாம் மணிக்குத் தலை வாரி, வேதப்புத்தகத்தையும் பாமாலையையும் கையில் எடுத்திருக்க வேண்டும். மூன்றாம் மணிக்குக் கோயிலுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் தெருவில் தென்படுகிற ஆளை ஊர் ஒரு மாதிரி பார்க்கும். மறுநாள் பலசரக்குக் கடையில் நிற்கும்போது, "நேத்து கோயில்ல காணலையே?" என்று யாராவது கேட்பார்கள். அக்கறையில் கேட்பவர்கள் உண்டு. கணக்கு எடுப்பவர்களும் உண்டு.

அப்படிக் காணாமல் போகிறவர்களில் முதல் ஆள் நர்சம்மா. இளம் வயதில் நாசரேத் ஆஸ்பத்திரியில் வேலை பழகியவர். பிறகு அரசாங்க சப்-சென்டரில் சேர்ந்து எங்கள் ஊரிலேயே தங்கிவிட்டார். தனி ஆள். 1970களில் எங்கள் ஊரிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டு வண்டிதான். பஸ் வரும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆகவே சுற்றியுள்ள குக்கிராமங்களில் பிரசவம், பாம்புக்கடி, பேதி, பிள்ளைகளுக்கு ஜன்னி என்று எது வந்தாலும் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அந்த ஊர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு ஓய்வுநாள் என்பது அவர்களுக்குத் தெரியும். வலி எடுத்துவிட்டால் அவர்களும் வேறு என்ன செய்வார்கள்?

ஒரு நற்கருணை ஞாயிறு நன்றாக நினைவிருக்கிறது. பெண்கள் பக்கம் கடைசி வரிசையில், வாசலை ஒட்டிப் பாயில் உட்கார்ந்திருப்பார் நர்சம்மா. எழுந்து போக வசதியாகத்தான் அந்த இடத்தைப் பிடிப்பார் என்பது பின்னாளில்தான் புரிந்தது. ஐயர் பாவ அறிக்கைக்காக எல்லாரையும் முழங்காலிடச் சொன்னார். நான் விரல் இடுக்கு வழியாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வேப்பமரத்தடியில் ஒருவர், தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார். கை மட்டும் நர்சம்மா இருந்த பக்கம் மெல்ல அசைந்தது. நர்சம்மா கண்ணைத் திறந்து பார்த்தார். தலையில் முக்காடு இருந்தபடியே எழுந்தார். ஊர் முழுக்க முழங்காலில் நிற்கும்போது ஒருவர் மட்டும் நிமிர்ந்து வெளியே நடப்பது ஒரு சிறுவனின் கண்ணுக்கு எவ்வளவு பெரிய காட்சி! அன்று நற்கருணை வாங்காமல் போனது ஊரில் அவர் ஒருவர்தான்.

சாயங்காலம் என் ஆச்சி ஒரு தூக்குச்சட்டியில் சோறும் குழம்பும் கொடுத்து என்னை அவர் வீட்டுக்கு அனுப்பினாள். நர்சம்மா அப்போதுதான் வந்திருந்தார் போலிருக்கிறது; சேலைக் கரையெல்லாம் சேறு. மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் ஒரு எனாமல் தட்டு. தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதற்குள் கண்ணாடி சிரிஞ்ச், கத்தரிக்கோல், இரண்டு ஊசிகள். வெந்த ஊசியை இடுக்கியால் எடுத்து, அதன் துளைக்குள் மெல்லிய கம்பியை விட்டு அடைப்பு எடுத்தார். பிறகு சாணைக்கல்லில் அதன் முனையை நிதானமாகத் தீட்டினார். அந்தக் காலத்தில் ஒரே ஊசிதான் பலருக்கும். முனை மழுங்கினால் பிள்ளைகளுக்கு வலிக்கும். "ஆம்பளப் பிள்ள. தாயும் நல்லா இருக்கா. ஆச்சிட்ட சொல்லு" என்றார். அவ்வளவுதான் பேச்சு. உலகத்தில் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அந்த ஊசி முனை கல்லில் உரசிய சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிற அளவுக்கு ஒரு பிரசங்கமும் இல்லை.

ஆச்சியைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை ஒருதலைப்பட்சமாகிவிடும். காய்ச்சலிலும் கோயிலுக்குப் போகிறவள் அவள். ஒவ்வொரு வேளையும் உலைக்கு அரிசி களையும்முன் ஒரு கைப்பிடி எடுத்துத் தகர டப்பாவில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயில் பெட்டியில் கொண்டு தட்டுவாள். பிடி அரிசிக் காணிக்கை. திருநெல்வேலிச் சீமைச் சபைகளில் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் காரியம். வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாளிலும் பிடி சிறுத்ததே தவிர நின்றதில்லை. அந்த அரிசி எங்கள் ஊரில் விதவைகளுக்கும் முடியாதவர்களுக்கும் போகும். ஆராதனை வேறு, தர்மம் வேறு என்று அவளுக்குத் தெரியாது. அவளைப் பொறுத்தவரை அந்த டப்பா நிரம்பாமல் பாமாலையைத் தூக்கிக்கொண்டு போவதுதான் வெட்கம்.

அப்படிப்பட்டவள்தான் நர்சம்மாவுக்காகச் சண்டைக்குப் போனாள். சபைத் தேர்தல் நெருங்கிய ஒரு வருஷம், ஆராதனைக்கும் நற்கருணைக்கும் ஒழுங்காக வராதவர்கள், சபைக்குக் கட்ட வேண்டிய சங்கப் பணத்தைப் பாக்கி வைத்தவர்கள் ஆகியோரின் பெயர்களைப் பட்டியலிலிருந்து எடுக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. நர்சம்மாவின் பெயரும் அதில் இருந்தது. பட்டியல் எழுதிக்கொண்டிருந்த மூப்பர் ஆச்சிக்கு மருமகன் முறை. அவர் வீட்டு வாசலிலேயே போய் நின்று கேட்டாள்: "ஏய்யா, ஒம் மூத்த மவன் என்னைக்குப் பொறந்தான்? ஈஸ்டர் அன்னைக்குத்தான? அன்னைக்கு அவ வெள்ளச் சேல உடுத்திட்டுக் கோயிலுக்குப் போயிருந்தா, நீ இன்னைக்கு இங்க உக்காந்து பேரு அடிப்பியா?" மூப்பர் பதில் சொல்லவில்லை. பெயர் அந்த வருஷம் தப்பியது.

1990களின் நடுவில் நர்சம்மா இறந்தபோது ஆச்சி இல்லை. பென்ஷன் பணத்தில் மருந்து வாங்கவே போதாத கடைசி சில வருஷங்களில் அவர் சங்கப் பணம் கட்டியிருக்கவில்லை. பாக்கியைக் கட்டினால்தான் துக்க மணி அடிக்கலாம், கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டலாம் என்று சொல்லிவிட்டார்கள். வெளியே பனைமரத்தடியில் சுற்று ஊர்களிலிருந்து வந்த ஜனம் நின்றது. நெற்றியில் திருநீறு பூசியவர்கள், தலையில் தொப்பி வைத்தவர்கள், இடுப்பில் பேரப்பிள்ளையோடு வந்த கிழவிகள். உள்ளே அப்பா தன் சட்டைப் பையிலிருந்து பணத்தை எண்ணிக் கொடுத்தார். பொறுப்பில் இருந்தவர் கார்பன் தாளைச் சரியாக அடியில் வைத்து, ரசீதில் நர்சம்மாவின் பெயரை எழுதி, தேதி போட்டுக் கிழித்துக் கொடுத்தார். பெஞ்சில் பிரேதம் கிடக்க, பிரேதத்தின் பெயரில் ரசீது. அப்பா அதை மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்தார். பிறகுதான் மணி அடித்தது. முப்பது வருஷம் ஆகப்போகிறது. அந்த ரசீதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இந்த மண்ணில் கிறிஸ்தவம் வந்த வழியை நினைத்தால் அந்த ரசீது இன்னும் கசக்கிறது. மிஷனரி ரேனியஸ் ஐயர் 1830இல் தர்ம சங்கம் என்று ஒன்றைத் தொடங்கியது எதற்காக? மதம் மாறியதால் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்துவதற்காக. மர்காஷிஸ் ஐயர் 1876இல் நாசரேத்துக்கு வந்த கையோடு தாது வருஷப் பஞ்சம் பிடித்துக்கொண்டது. தாய் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளைகளைச் சேர்த்து அநாதை இல்லம் வைத்தார், கைத்தொழில் பள்ளி வைத்தார், ஆஸ்பத்திரி வளர்த்தார். 1908இல் அந்த ஊரிலேயே இறந்தார். பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்ற பிள்ளைகளுக்கும் ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்கும் தொடங்கிய பள்ளிகள் நூறு வருஷம் தாண்டி நடக்கின்றன. எங்கள் முன்னோர்களில் பலர் பிரசங்கத்தைக் கேட்டு மட்டும் கோயிலுக்குள் வந்துவிடவில்லை. பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய கையைப் பார்த்து வந்தார்கள். அப்படி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பிணத்திடம் பாக்கி கேட்கிறோம்.

நல்ல சமாரியன் உவமையை ஓய்வுநாள் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் நடித்திருப்போம். அடிபட்டுக் கிடப்பவனை ஆசாரியனும் லேவியனும் கண்டு ஒதுங்கிப் போகிறார்கள். 'ஆலயத்துக்கு நேரமாகிவிட்டது' என்று அவர்கள் அவசரப்பட்டதாகப் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். லூக்கா எழுதியதைப் பொறுமையாகப் படித்தால் அப்படி இல்லை. எருசலேம் மலைமேல் இருக்கிறது, எரிகோ பள்ளத்தில். அந்த ஆசாரியன் இறங்கி வருகிறான். அதாவது ஆலயம் அவனுக்குப் பின்னால் இருக்கிறது. அவன் பலி செலுத்தி, தூபம் காட்டி, முறை முடிந்து வீடு திரும்புகிறவனாகத்தான் இருக்க வேண்டும். ஆராதனை அவனுக்குத் தடையாக இருக்கவில்லை. ஆராதனை முடித்து வந்தும் அவன் மனசில் ஒன்றும் ஒட்டவில்லை. எனக்கு இதுதான் அந்தக் கதையில் பயமூட்டுகிற இடம். மூன்றாம் மணிக்குத் தவறாமல் வந்து, பாமாலையைப் புத்தகம் பார்க்காமல் பாடி, வெளியே வந்து செருப்பை மாட்டும்போது பக்கத்தில் நிற்பவரின் முகம் கண்ணில் படாமல் போக முடியும். நான் அப்படிப்பட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பதினெட்டு வருஷம் கூனிக் கிடந்த ஒரு பெண்ணை இயேசு நிமிர்த்தியதும் ஜெபஆலயத்துக்குள்தான், ஓய்வுநாளில்தான். ஆலயத் தலைவனுக்குக் கோபம் வந்தது. குணமாக வேண்டியவர்கள் மற்ற ஆறு நாளில் வரட்டும் என்று ஜனத்தைப் பார்த்துச் சொன்னான். தண்ணீர் காட்ட மாட்டை அவிழ்க்கிறீர்களே, இவளை அவிழ்க்கக் கூடாதா என்கிற மாதிரிதான் இயேசுவின் பதில். எங்கள் மூப்பருக்கு ஆச்சி சொன்ன பதிலும் ஏறக்குறைய அதுவே. ஆச்சி லூக்கா பதின்மூன்றாம் அதிகாரத்தை நினைத்துப் பேசினாளா, தன் போக்கில் பேசினாளா, தெரியாது.

இதையெல்லாம் சொன்னவுடன் இன்னொரு கட்சி எழுந்து வரும். என் உறவிலேயே இருக்கிறார்கள். "நான் என்னால முடிஞ்சத செய்றேன், ரத்தம் குடுக்கிறேன், ரெண்டு பிள்ளைகளுக்குப் பீஸ் கட்றேன். கோயிலுக்கு எதுக்கு வரணும் மாமா?" என்று கேட்கிற இளைஞர்கள். அவர்கள் செய்வது உண்மை, நான் மதிக்கிறேன். ஆனால் கூடி வருவதில் இருக்கிற பலத்தை அவர்கள் குறைத்து எடைபோடுகிறார்கள் என்று நினைக்கிறேன். அதை எனக்குக் காட்டியது வெள்ளம்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், கேரல் பாட்டுப் பழக்கம் நடந்துகொண்டிருந்த சமயம். அன்று பிடித்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. எங்கள் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையைவிட அதிகம். குளங்கள் உடைந்தன, ஆறு கரை தாண்டியது, கரன்ட் போயிற்று, போன் செத்தது. ஏரல் தீவாகிவிட்டது. இரவில் கோயில்பிள்ளை மணியை விடாமல் அடித்தார். முதல் மணியா மூன்றாம் மணியா என்று யாரும் எண்ணவில்லை. பள்ளத் தெருக்காரர்களும் அடுத்த ஊர்க்காரர்களும் ஆட்டுக்குட்டிகளோடும் நனைந்த ரேஷன் கார்டுகளோடும் மேட்டில் இருந்த கோயிலைப் பார்த்து வந்தார்கள். சாமி கும்பிடுகிறவர்கள், வேதக்காரர்கள் என்று பார்க்காமல் கதவு திறந்தது. பெஞ்சுகளைச் சுவரோடு தள்ளிவிட்டுப் பாய் விரித்தோம்.

ஒரு மணி நேரத்தில், சபை விருந்தான அசனத்துக்குரிய பாத்திரங்கள் வெளியே வந்தன. ஆளுயர அண்டா, தோணித் துடுப்பு மாதிரி நீளமான சட்டுவம், வருஷாவருஷம் அசனச் சோறு வடிக்கிற அதே சமையல்காரர்கள். யார் அடுப்பு மூட்டுவது, யார் தண்ணீர் சுமப்பது என்று ஒருவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வருஷக்கணக்காகச் சேர்ந்து செய்து பழகிய கைகள். பிடி அரிசி இருந்தது. அதைவிட முக்கியமான ஒன்று பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளரிடம் இருந்தது. வியாதியஸ்தர்களைப் பார்த்து ஜெபிக்கப் போவதற்காக எழுதி வைத்திருந்த ஒரு பழைய நோட்டு. எந்தத் தெருவில் யார் படுத்த படுக்கை, யாருக்கு சர்க்கரை, யார் தனியாக இருக்கிறார், பிள்ளைகள் எந்த ஊரில் என்பதெல்லாம் அதில் இருந்தது. டார்ச் வெளிச்சத்தில் அந்த நோட்டை வைத்துக்கொண்டு பெயர் பெயராக வாசித்தார். பையன்கள் டிராக்டர் டியூபும் கயிறும் எடுத்துக்கொண்டு, வாசித்த வீட்டுக்கெல்லாம் இடுப்புத் தண்ணீரில் போனார்கள். தனி மனிதராக எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த நோட்டு ஒருவரிடம் இருக்காது. வாராவாரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து, யார் வந்தார் யார் வரவில்லை என்று கவனித்த சபையிடம்தான் இருக்கும். 'கோயில்ல காணலையே' என்ற கேள்விக்கு அன்றைக்குத்தான் முழு அர்த்தம் கிடைத்தது.

இது எங்கள் கோயிலுக்கு மட்டும் உள்ள பெருமை என்று நான் சொல்ல வரவில்லை. அதே இரவில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் போன ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. தண்டவாளத்தின் அடியில் ஜல்லியும் மண்ணும் அடித்துக்கொண்டு போய்விட்டன. ஏறத்தாழ 800 பயணிகள். அவர்களுக்குச் சோறு போட்டவர்கள் பக்கத்துப் புதுக்குடி ஜனங்கள். தங்கள் வீடுகளிலும் வெள்ளம் இருக்க, அம்மன் கோயிலில் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கடற்கரை ஊர்களிலிருந்து மீனவர்கள் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து ஆட்களை மீட்டார்கள். எந்தச் சாமியின் வாசலாக இருந்தாலும், ஜனம் கூடிப் பழகிய இடத்தில் அண்டாவும் அடுப்பும் தயாராக இருக்கிறது என்பதைத்தான் அந்த நாட்கள் காட்டின.

அடுத்த ஞாயிறு 24ஆம் தேதி. தண்ணீர் வடிந்து, வந்தவர்கள் வீடு திரும்பத் தொடங்கியிருந்தார்கள். வீடுகளில் முழங்கால் உயரத்துக்குச் சேறு. ஐயர் ஒரு ஜெபம், ஒரு பாட்டு, ஆசீர்வாதம் என்று அரை மணியில் ஆராதனையை முடித்தார். பிரசங்கம் இல்லை. "மண்வெட்டி இருக்கிறவங்க எடுத்துட்டு வாங்க" என்றார். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு ஆராதனையை இப்படிச் சுருக்கலாமா என்று சில பெரியவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மற்றவர்கள் பள்ளத் தெருவுக்குப் போனோம்.

ஆற்றுச் சேறு களிமண் மாதிரி, மண்வெட்டியை விடாது. வெட்டி எடுத்த இடத்தில் மறுபடி வழுக்கிக்கொண்டு வந்து நிரம்பும். ஒரு வீட்டில் குதிருக்குள் இருந்த நெல் வெள்ளை வெள்ளையாக முளைவிட்டிருந்தது. மெத்தையை நாலு பேர் சேர்ந்து தூக்கினோம், அவ்வளவு தண்ணீர் குடித்திருந்தது. சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தின் கண்ணாடிக்குள் பாதி உயரத்துக்குச் சேற்றுக்கோடு. அதைக் கழற்றித் துடைத்துக் கொடுத்தவர் எங்கள் சபையின் பாடகர் குழுவில் இருக்கிற ஒரு அம்மா. அந்த வீட்டுக்காரி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என் அறுபத்துச் சொச்சம் வயதில் நான் கலந்துகொண்ட ஆராதனைகளில் முழுமையானது எது என்று கேட்டால் அந்த ஞாயிறைத்தான் சொல்வேன்.

என் தீர்மானம் இது. இரண்டும் மோதுகிற நேரத்தில் உதவிதான் பெரியது. மூன்றாம் மணி அடிக்கும்போது ஒருவர் வாசலில் வந்து நின்றால், மணியை விட்டுவிட்டு அவரோடு போக வேண்டும். கோயிலுக்கு வருவது எதற்கென்றால், அப்படிப் போகிற ஆட்களை உருவாக்குவதற்கு. உருவாக்காத கோயிலில் எவ்வளவு கூட்டம் வந்தாலும் அது கூட்டம்தான். ஆனால் மோதாத நாட்கள்தான் வருஷத்தில் அதிகம். அந்த நாட்களில் வீட்டில் இருந்துகொண்டு, நான் நல்லது செய்கிறேனே என்று சொல்வதையும் என்னால் ஏற்க முடியவில்லை. வெள்ளம் வருகிற இரவில் புதிதாக ஒரு சபையைக் கூட்ட முடியாது.

சபைப் பொறுப்பில் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்னும் சில ஊர்களில் அடக்கத்துக்கு முன் பாக்கி கேட்கிற வழக்கம் இருக்கிறது. அடுத்த கமிட்டிக் கூட்டத்திலேயே அதை எடுத்துவிடுங்கள். முடியாதவர்களின் பாக்கியை அவர்கள் உயிரோடு இருக்கும்போதே தள்ளுபடி செய்து, அவர்கள் வீட்டுக்கு ஒரு ஆளை அனுப்பி எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள். வாரந்தவறாமல் கோயிலுக்கு வருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வருகிற ஞாயிறு, உங்கள் வரிசையில் வழக்கமாக உட்காருகிற யார் வரவில்லை என்று பாருங்கள். மறுநாள் கடையில் வைத்துக் கேட்க வேண்டாம். அன்றைக்கே, சாப்பாட்டுக்கு முன்னால், அவர்கள் வீடு வரை போய்வாருங்கள்.